உணவும் நடையும் பளுவும்: உடற்கொழுப்புக் குறைப்பின் வரலாறு

பருத்த உடம்பு செல்வத்தின் அடையாளமாகக் கருதப்பட்ட காலமொன்று நம்மவரிடையேயும் இருந்தது. "ஆள் நல்லாய்ச் சதை வைத்திருக்கிறார்" என்பது அக்காலத்தில் வாழ்த்து. இன்றோ அதே சொல்லைக் கேட்டவர் வீடு சென்று நிறை பார்க்கின்றார்.

என் பெரியப்பாவும் அவ்வாறு நிறை பார்த்தவரே. நீரிழிவு தொடங்கிவிட்டது, நிறையைக் குறைக்கவேண்டும் என்று வைத்தியர் கூறியதும் அவர் இராச்சாப்பாட்டை ஒரேயடியாக விட்டார். ஆறு மாதத்தில் இருபது இறாத்தல் இறங்கிற்று. வீட்டார் மகிழ்ந்தனர். ஏழாம் மாதத்திலே கை ஊன்றாமற் கதிரையிலிருந்து எழும்ப அவரால் முடியவில்லை. அடுத்த ஆண்டுக்குள் இறங்கிய நிறை முழுவதும் திரும்பி வந்தது. போன பலம் மாத்திரம் வரவில்லை. அதே காலத்தில் நான் சர்வகலாசாலை மைதானத்தை நாள்தோறும் சுற்றி ஓடினேன். ஓடிய பசியிற் கன்ரீனிலே இரட்டிப்பாக உண்டு, இருந்த நிறையிலேயே இருந்தேன். நாங்கள் இருவரும் சோம்பேறிகளல்லர். ஆயினும் இருவரும் தோற்றோம். இதன் காரணத்தைத் தேடிப் புத்தகசாலைக்குச் சென்றபோது, எங்களைப்போலவே தோற்றும் திருந்தியும் வந்த பலருடைய வரலாறு அங்கே கிடைத்தது. அவ்வரலாற்றை இம்மலரின் வாசகர்முன் வைக்க விரும்புகின்றேன்.

பழையோர் கண்ட நெறி

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது நம் பாட்டிமார் வாய்மொழி. அக்கருத்து மிகப் பழையது. சரகசங்கிதையின் சூத்திரத்தானத்து இருபத்தோராம் அத்தியாயம் இகழப்படும் எண்வகை உடம்புகளைக் கூறி, அவற்றுள் மிகப் பருத்தது, மிக மெலிந்தது என்னும் இரண்டையும் சிறப்பாக எடுத்து விரிக்கின்றது. பருத்தவனுக்கு அந்நூல் விதிப்பது வெறும் பட்டினியன்று. வயிற்றில் நெடுநேரம் நிற்கக்கூடியதும், உடம்பைக் கொழுக்கச் செய்யாததுமான உணவை அது விதிக்கின்றது. வாற்கோதுமை, பயறு, கொள்ளு என்பன அந்த வரிசையில் உள்ளன. அதனோடு வியாயாமத்தையும் சேர்த்து, அதனைச் சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும் என்றும் கூறுகின்றது.

கிரேக்க தேசத்திலே இப்போக்கிறாத்தீசின் பெயரால் வழங்கும் நூல்களும் இதனையே கூறின. உணவு மாத்திரம் மனிதனைச் சுகமாக வைத்திராது. உண்பதற்கும் உழைப்பதற்கும் இடையே ஓர் அளவு வேண்டும் என்பது அவற்றின் கொள்கை. இன்று 'டயற்' என ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லின் மூலமாகிய கிரேக்கச் சொல், உணவை மட்டுமன்றி வாழும் முறை முழுவதையும் குறித்தது. ஆகவே இரு தேசத்துப் பழையோரும் உணவையும் உழைப்பையும் ஒருங்கே வைத்தே சிந்தித்தனர். பின்வந்தோரே அவற்றைப் பிரித்தனர்.

தராசும் கலோரியும்

இத்தாலியிலே பாதுவா நகரிற் கற்பித்த சன்ரோரியோ என்னும் வைத்தியர், 1614ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். பெரியதொரு தராசிற் கதிரையைத் தொங்கவிட்டு, அதில் இருந்துகொண்டே உண்டு, தாம் உண்டதையும் கழித்ததையும் தம் உடம்பையும் ஆண்டுக் கணக்காக நிறுத்துப் பார்த்தவர் அவர். உண்டதற்கும் கழித்ததற்கும் கணக்கு ஒத்துவரவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று உடம்பைவிட்டு நீங்குகின்றது என்று அவர் கண்டார். அது யாது என்பதை விளக்க மேலும் நூற்றெழுபது ஆண்டுகள் சென்றன.

பிரான்சு தேசத்து லவோசியே 1780களிலே அதற்கு விடை கண்டார். நாம் விடும் மூச்சு மெழுகுதிரி எரிவது போன்ற ஓர் எரிதலே என்றும், உடல் உழைக்கும்போது அவ்வெரிதல் கூடுகின்றது என்றும் அவர் காட்டினார். அப்பேரறிஞரைப் புரட்சிக்காரர் 1794இல் தலைவெட்டிக் கொன்றனர். அவர் தொடக்கிய பணியை 1890களில் அமெரிக்காவிலே அற்வாட்டர் என்பவர் தொடர்ந்தார். மனிதனை ஓர் அறையினுள் நாட்கணக்கில் இருத்தி, அவன் உண்டதையும் வெளிவிட்ட சூட்டையும் அளந்து, வரவும் செலவும் சரியாக இருப்பதை நிறுவினார். மாப்பொருளுக்கும் புரதத்துக்கும் கிராமொன்றுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்று நாம் பாடசாலையிற் படிக்கும் கணக்கு அவர் வழியாக வந்ததே.

இக்கணக்கு எவ்வளவு கடினமானது என்பதை நம் வீட்டிலேயே அறியலாம். ஒரு தேக்கரண்டி சீனியில் ஏறத்தாழ 16 கலோரி உண்டு. இரண்டு கரண்டி சீனி இட்ட தேநீர் மூன்று கோப்பை குடித்தால் நூறு கலோரியை அண்மிக்கும். ஒரு மைல் நடந்தாற் செலவாவதும் ஏறக்குறைய அவ்வளவே. ஓர் இறாத்தல் உடற்கொழுப்பிலோ ஏறத்தாழ 3,500 கலோரி அடங்கியுள்ளது.

உணவின் வழி: பான்ரிங்

உணவினாலே மாத்திரம் உடம்பைக் குறைத்தவருட் பிரசித்திபெற்றவர் வில்லியம் பான்ரிங். இலண்டன் நகரிலே அரச குடும்பத்தாரின் மரணச் சடங்குகளுக்கு வேண்டியன செய்துகொடுத்த வணிகர் அவர். 66 வயது, உயரம் 5 அடி 5 அங்குலம், நிறை 202 இறாத்தல். சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிய முடியாது. படிகளிற் பின்புறமாகவே இறங்குவார். இவர் முன்னர் தேகாப்பியாசத்தையும் முயன்றவர். விடியற்காலையில் இரண்டு மணி நேரம் படகு வலித்தார். தசை வலுத்தது, ஆனால் பசியும் பெருகிற்று. உண்டார், மேலும் பருத்தார். மைதானத்தைச் சுற்றிய என் கதையும் இதுவே.

காது மந்தமாகிவிட்டதென்று அவர் ஹார்வி என்னும் வைத்தியரிடம் சென்றபோது, குற்றம் காதிலன்று, கொழுப்பிலே என்று அவ்வைத்தியர் கூறினார். பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு என்பன விலக்கப்பட்டன. ஓராண்டளவில் 46 இறாத்தல் குறைந்தது. பான்ரிங் தம் அனுபவத்தை 1863இல் ஒரு சிறு பிரசுரமாக அச்சிட்டு, முதலில் இலவசமாகவே வழங்கினார். அது தேசமெங்கும் பரவிற்று. சுவீடன் மொழியில் உணவு குறைத்து மெலிதலைக் குறிக்கும் சொல் இன்றும் அவர் பெயரிலிருந்து பிறந்த சொல்லே. அவர் 81 வயதுவரை வாழ்ந்தார்.

பான்ரிங்கின் வெற்றி மெய்யான வெற்றியே. எனினும் அவருக்குப் பின் வந்தோர் அதிலிருந்து ஒரு பிழையான பாடத்தையும் கற்றனர். தராசு முள் இறங்கினாற் போதும், இறங்கியது யாது என்று கேட்க வேண்டியதில்லை என்பதே அப்பாடம்.

பளுவின் வழி: சாண்டோ

அதே நூற்றாண்டின் முடிவில் வேறொரு கூட்டத்தார் உடம்பை வேறு கண்ணால் நோக்கினர். பிரஷியாவிற் பிறந்த இயூஜின் சாண்டோ 1897இல் இலண்டனிலே தேகாப்பியாச நிலையமொன்றைத் திறந்தார். 1901இல் அல்பேட் மண்டபத்தில் அவர் நடத்திய உடற்கட்டுப் போட்டிக்கு நடுவராக இருந்தவருள் ஒருவர், துப்பறியும் கதைகளால் நாமறிந்த கொனன் டொயில். 1904–05இல் சாண்டோ இந்தியாவுக்கும் வந்தார். அவர் பெயர் நம் மொழியிற் பலசாலிகளின் பட்டமாகவே நிலைத்துவிட்டது. படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரை அறியாத தமிழர் அரியர்.

ஆயினும் வைத்திய உலகம் பளுத்தூக்குவோரை நெடுங்காலம் நம்பவில்லை. பளு தூக்கினாற் தசை இறுகி மூட்டு மடங்காது, இதயம் பெருக்கும் என்றெல்லாம் அஞ்சினர். அவ்வச்சத்தைப் போக்கியவருள் ஒருவர் அமெரிக்கப் படை வைத்தியர் தோமஸ் டிலோம். போரிற் காலுடைந்த வீரர் நிறைந்த சிக்காகோ வைத்தியசாலையிலே, மெலிந்த தொடைகளுக்குப் பாரம் கட்டித் தூக்குவித்து, அப்பாரத்தைப் படிப்படியாகக் கூட்டினார். அவர்கள் விரைந்து தேறினர். தம் முறையை அவர் 1945இல் வெளியிட்டார். பளு என்பது மேடையிற் காட்டும் வித்தையன்று, மெலிந்தவரை எழும்பி நடக்கவைக்கும் மருந்துமாம் என்பது அன்று வெளியாயிற்று.

தராசு சொல்லாத உண்மை

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நடந்த இரண்டு ஆராய்ச்சிகளே இவ்வரலாற்றின் திருப்புமுனை.

முதலாவது, அமெரிக்கக் கடற்படை வைத்தியர் அல்பேட் பேங்கி 1942இல் வெளியிட்டது. தொழிலாகக் காற்பந்தாடும் 25 அமெரிக்க வீரரை அவர் ஆராய்ந்தார். உயரத்துக்கேற்ற நிறை அட்டவணைப்படி அவர்களுள் 17 பேர் படைச் சேவைக்குத் தகாத பருமன் உடையோர். பேங்கி அவர்களைத் தண்ணீரினுள் அமிழ்த்தி நிறுத்தார். கொழுப்பு மிதக்கும், தசை அமிழும். ஆகவே தண்ணீருக்குள் நிறுத்தால் உடம்பில் எது எவ்வளவு என்று கணக்கிடலாம். பார்த்தபோது அவ்வீரரின் நிறை பெரும்பாலும் தசையே. தராசு அவர்களைக் கொழுத்தவர் என்று பொய்யாகக் குற்றஞ்சாட்டியிருந்தது.

இரண்டாவது, மினசோற்றா சர்வகலாசாலையிலே அன்சல் கீஸ் 1944–45இல் நடத்தியது. போரிற் கொல்ல மாட்டோம் என்று மனச்சாட்சியால் மறுத்த 36 இளைஞர், பட்டினியால் வாடும் ஐரோப்பியருக்கு உதவும் அறிவைத் தேட, தாமே விரும்பித் தம் உடம்பைக் கொடுத்தனர். 24 வாரம் அரைப்பட்டினி. வாரந்தோறும் 22 மைல் நடை. உடல் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கு போயிற்று. கொழுப்பு மாத்திரமா போயிற்று? தசையும் கரைந்தது, பலம் குன்றிற்று, உடம்பு சும்மா இருக்கையிற் செலவிடும் சக்தியும் வெகுவாகக் குறைந்தது. அவ்விளைஞர் உணவைப் பற்றியே கனவு கண்டனர். சமையற் புத்தகங்களைப் பொழுதுபோக்காகப் படித்தனர். மீண்டும் வயிறார உண்ணத் தொடங்கியபோது கொழுப்பு முந்தி வந்தது, தசை பிந்தி வந்தது. கீஸ் 1950இல் வெளியிட்ட இரண்டு பாகப் பெருநூலை இச்செய்திகளுக்காகப் புரட்டியபோது, என் பெரியப்பா கதிரையிலிருந்து எழும்ப முடியாமற்போன காரணத்தை நான் கண்டேன்.

நிறை குறைதல் வேறு, கொழுப்புக் குறைதல் வேறு. இவ்வொரு வாக்கியத்தை அறிய மனிதகுலத்துக்குச் சன்ரோரியோ காலந்தொட்டு முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் சென்றன.

நடையின் வழி: பஸ்வண்டிச் சாரதிகள்

மூன்றாவது வழியின் பெருமையை உலகுக்குக் காட்டியவர் ஜெரி மொறிஸ் என்னும் ஆங்கில வைத்தியர். இலண்டன் இரட்டைத் தட்டு பஸ்களின் சாரதி நாள் முழுவதும் ஆசனத்தில் இருப்பவர்; கொண்டக்டரோ சீட்டுக் கொடுக்க ஏறி இறங்கிக்கொண்டேயிருப்பவர். ஒரே வண்டி, ஒரே தெரு. ஏறத்தாழ 31,000 ஊழியரை ஆராய்ந்து 1953இல் வெளியிட்ட முடிவு, கொண்டக்டருக்கு மாரடைப்பு வகை நோய்கள் குறைவு என்பதே. மொறிஸ் அத்துடன் நிற்கவில்லை. 1956இல் அவ்வூழியரின் சீருடை அளவுகளை ஆராய்ந்தபோது, சாரதிகளின் காற்சட்டை இடுப்பு அகலமாயிருந்தது. வேலையிற் சேரும்போதே அவ்வேறுபாடு இருந்தது. வேலை மனிதனை மாற்றியதா, மனிதன் வேலையைத் தெரிந்தானா என்ற ஐயத்தைத் தாமே கிளப்பி, மேலும் ஆராய்ந்த நேர்மை போற்றத்தக்கது.

அதே 1956இல் ஜோன் மேயர் முதலானோர் மேற்கு வங்காளத்துச் சணல் ஆலையொன்றின் 213 பேரை ஆராய்ந்தனர். உடல் வருந்தி வேலை செய்தோர், வேலைக்கேற்ப உண்டனர். சும்மா இருந்து தொழில் பார்த்தோரோ குறைவாக உண்ணவில்லை. மிதமான வேலையாளரிலும் கூடுதலாக உண்டு பருத்திருந்தனர். அசைவு ஓர் அளவுக்குக் கீழே போனால் பசி என்னும் அளவுகோலே பழுதாகின்றது என்பது இதன் பொருள். பின்பு 1968இல் அமெரிக்க விமானப்படை வைத்தியர் கென்னத் கூப்பர் ஒரு நூலால் ஓட்டத்தைப் பொதுமக்களின் வழக்கமாக்கினார்.

மூன்றும் சேர்ந்த கதை

இவ்வாறு மூன்று பாதைகளையும் மூவகையார் தனித்தனியே வெட்டினர். அவை சந்தித்தது அண்மைக் காலத்திலேயே. 1988இல் வெளியான ஓர் ஆய்வில், பருத்த பெண்கள் 40 பேர் எட்டு வாரம் நால்வகையாகப் பிரிக்கப்பட்டனர். உணவை மாத்திரம் குறைத்தோர் தசையும் இழந்தனர். உணவைக் குறைத்துப் பளுவும் தூக்கியோர் தசையைக் காத்துக்கொண்டனர். தசை இருந்தால் அது கொழுப்பை எரித்துத் தள்ளிவிடும் என்று சிலர் கூறுவது மிகை. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளொன்றுக்குச் செலவிடுவது ஏறத்தாழ 13 கலோரியே. தசையைக் காப்பது எழும்பவும் நடக்கவும் சுமக்கவும் வேண்டிய பலத்துக்காகவே.

2012இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. சியாற்றில் நகரில் மாதவிடாய் நின்ற பெண்கள் 439 பேரை ஓராண்டு அவதானித்ததில், பயிற்சி மாத்திரம் செய்தோர் நிறையில் நூற்றுக்கு 2.4 பங்கும், உணவு மாத்திரம் குறைத்தோர் 8.5 பங்கும், இரண்டும் செய்தோர் 10.8 பங்கும் குறைந்தனர். வட கரோலைனாவில் எட்டு மாதம் நடந்த மற்றைய ஆய்வில், 119 பேருள் ஓடியோர் கொழுப்பை இழந்தனர். பளு மாத்திரம் தூக்கியோர் கொழுப்பை இழக்காது தசையைப் பெற்றனர். இரண்டும் செய்தோர் இரு பயனும் பெற்றனர், ஆனால் இரட்டிப்பு நேரமும் கொடுத்தனர்.

நம் சங்கத்துப் பெரியோர் கவனிக்கவேண்டியது 2017இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு. 65 வயதுக்கு மேற்பட்ட பருத்தோர் 160 பேர் அதிற் சேர்ந்தனர். உணவுக் கட்டுப்பாட்டுடன் ஒரு பகுதியார் நடந்தனர், ஒரு பகுதியார் பளுத் தூக்கினர், ஒரு பகுதியார் இரண்டும் செய்தனர். மூவகையாரும் நூற்றுக்கு 9 பங்கு நிறை குறைந்தனர். தராசுக்கு அவர்களிடையே வேற்றுமை தெரியவில்லை. ஆனால் நடந்தோர் கொழுப்பல்லாத உடம்பில் 5 பங்கு இழக்க, பளுத் தூக்கியோர் 2 பங்கும், இரண்டும் செய்தோர் 3 பங்குமே இழந்தனர். எழும்புதல், படியேறுதல் முதலியவற்றைச் சோதித்தபோது இரண்டும் செய்தோர் 21 பங்கு முன்னேறினர். மற்றையோர் 14 பங்கே.

நமக்கு ஏன் இக்கதை?

இலங்கையில் இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு மேல் நீரிழிவுடையோர் என 2008இல் வெளியான ஆய்வு கண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் 2004இல் ஆசியருக்கு ஒரு தனி எச்சரிக்கை விடுத்தனர். கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தாற் பிரித்து வரும் எண், மேல்நாட்டாருக்கு 25இல் கவலை தருமாயின், நமக்கு 23இலேயே தரவேண்டும். பான்ரிங்கின் உயரமுடைய நம்மவர் ஒருவருக்கு அது ஏறத்தாழ 138 இறாத்தல். மெல்லிய கைகாலும் முன்தள்ளிய வண்டியும் உடைய நம்மவரின் உடம்பிலே தசை குறைவு, கொழுப்பு மிகுதி. தராசு நம்மைப் பார்த்து நல்ல பிள்ளை என்னும். இரத்தச் சோதனை வேறு கூறும்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 இந்தியரை ஏறக்குறைய மூன்றாண்டு அவதானித்த சென்னை ஆராய்ச்சி 2006இல் வெளிவந்தது. வழக்கம்போல் இருந்தோரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவாளராயினர். உணவையும் நடையையும் திருத்தியோரில் 39 பேரே ஆயினர். இதில் வியப்பு யாதெனில், அவ்வாறு தப்பியோரின் நிறை குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை. தராசு முள் அசையாதபோதும் உடம்பினுள்ளே நன்மை நடக்கலாம் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமோ?

வாலிப அன்பர்களே, வரலாறு நமக்குக் கூறும் வழி எளியது. குறைப்பதற்கு உணவு, இதயத்துக்கும் பசியின் ஒழுங்குக்கும் நடையும் ஓட்டமும், தசையைக் காப்பதற்குப் பளு. உணவை மெல்லவே குறைப்போமாக. சோற்றையும் சீனியையும் குறைக்கும்போது பயறு, கடலை, தயிர், உண்போராயின் மீன், முட்டை என்பவற்றைக் குறைக்காதிருப்போமாக. விரத நாளிற் பகலெல்லாம் இருந்துவிட்டு இரவில் இரட்டிப்பாக உண்டால் கணக்கு மாறாது. நீரிழிவு மருந்து எடுப்போர் வைத்தியரைக் கேளாமல் விரதமிருத்தல் ஆபத்துமாகும். கிழமைக்கு 150 நிமிட விரைந்த நடை, இரண்டு நாட் பளுப்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் குறைந்த அளவு. பளுவுக்கு இரும்பே வேண்டும் என்பதில்லை. கிணற்று வாளியும் நம் சொந்த உடம்பும் போதும்.

பெரியப்பா இப்போது காலையிற் கோயில் வீதியைச் சுற்றி நடக்கின்றார். இராச்சாப்பாடு மீண்டும் வந்துவிட்டது, அளவுதான் சிறிது. கிழமையில் மூன்று நாள், அதே கதிரையிலே கைகளை மார்பிற் கட்டியவாறு இருந்து எழும்புகின்றார். முதல் நாள் இருமுறை. இவ்வாண்டுத் தைப்பொங்கலன்று பன்னிரு முறை. நிறை ஆறு இறாத்தலே குறைந்துள்ளது என்று அவருக்குச் சற்று வருத்தம். "எழும்பினீர்களே, அதை எண்ணுங்கள் பெரியப்பா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு பதின்மூன்றாம் முறை எழும்பினார்.